தினமும் செயின் கடை லாட்டே போதுமா, வீட்டிலேயே எஸ்பிரெஸ்ஸோ போடலாமா?

மாலைத்தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். எஸ்பிரெஸ்ஸோ விஷயம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். வேலைக்குப் போகும் வழியில், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு காபி செயின் கடையில் தினமும் லாட்டே (எஸ்பிரெஸ்ஸோவில் நிறையப் பால் சேர்த்தது) வாங்குவது என் வழக்கம். லாட்டே நன்றாகத்தான் இருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதே கடையில் பால் இல்லாமல் வெறும் எஸ்பிரெஸ்ஸோ கேட்டு வாங்கினால் கருகின கசப்புதான் நாக்கில் நிற்கிறது. சமீபத்தில் நண்பர் ஒருவர் தன் வீட்டு இயந்திரத்தில் ஒரு ஷாட், அதாவது ஒரு தடவை இறக்கிய எஸ்பிரெஸ்ஸோ, போட்டுக் கொடுத்தார். லேசான பழப் புளிப்பு, நடுவில் நல்ல கனம், குடித்து முடித்த பிறகும் வாயில் ஒரு இனிப்பு. எஸ்பிரெஸ்ஸோ என்றால் கசப்பு என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து நானும் ஒன்று வாங்கலாமா என்று மனசு அடித்துக்கொள்கிறது. என் கேள்விகள் இவை. வீட்டில் போடுவது செயின் கடைத் தரத்துக்கு வருமா, அதைத் தாண்டுமா? பெட்டிகளில் 15 பார், 20 பார் என்று போட்டிருக்கிறதே, எண் அதிகமானால் நல்லதா? கிரைண்டரைத் தனியாக வாங்கத்தான் வேண்டுமா, அரைத்த பொடியே போதாதா? கடைசியாக, இதில் பணம் உண்மையிலேயே மிச்சமாகுமா? வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் ஒன்று அல்லது இரண்டு கோப்பை குடிப்பேன், என் துணைக்குப் பால் கலந்த காபிதான் வேண்டும்.

அரவை_முக்கியம்:

பார் என்பது அழுத்தத்தின் அலகு, அந்த எண்ணை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 15, 20 எல்லாம் பம்ப் அதிகபட்சமாகத் தரக்கூடிய அழுத்தம். காபிக்குத் தேவை சுமார் 9 பார், அவ்வளவுதான். நல்ல இயந்திரங்களில் அழுத்தம் அதற்கு மேல் போகாமல் தடுக்கவே ஒரு வால்வு வைத்திருப்பார்கள். ஆகவே 20 பார் இயந்திரம் 15 பார் இயந்திரத்தைவிட மேலானது என்று ஒன்றும் இல்லை.

இப்போது கிரைண்டர். என் பெயரைப் பார்த்தாலே என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். எஸ்பிரெஸ்ஸோவில் நடப்பது என்ன? சுமார் 18 கிராம் பொடியை ஒரு சிறிய கூடையில் நிரப்பி, அழுத்தி, 90 முதல் 96 டிகிரி வரை சூடான தண்ணீரை 9 பாரில் அதன் வழியே தள்ளுகிறோம், 25 முதல் 30 நொடிக்குள் 36 கிராம் அளவுக்குக் காபி இறங்க வேண்டும். இந்த நேரத்தைத் தீர்மானிப்பது எது? பம்ப் ஒரே மாதிரி தள்ளுகிறது. எதிர்த்து நிற்பது பொடி மட்டும்தான். பொடி கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் 12 நொடியில் பாய்ந்து இறங்கிவிடும், காபி நீர்த்து வாயைச் சுளிக்க வைக்கும் புளிப்பாக இருக்கும். கொஞ்சம் கூடுதல் நைஸாகிவிட்டால் சொட்டுச் சொட்டாக 50 நொடி இழுத்து, கசப்பும் வறட்சியும் சேர்ந்துகொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கையால் தொட்டு உணர முடியாத அளவுக்குச் சிறியது. கடையில் அரைத்து விற்கும் பொடி யாருடைய இயந்திரத்துக்கும் பொருந்தும்படி ஒரு பொது அளவில் அரைக்கப்பட்டது. அது உங்கள் கூடைக்குச் சரியாக வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் அதைத் திருத்த உங்கள் கையில் எதுவுமே கிடையாது.

குறைந்த விலை இயந்திரங்களோடு இரட்டைச் சுவர் கூடை என்று ஒன்று வரும். அதன் அடியில் ஒரே ஒரு நுண்ணிய துளை இருக்கும், பொடி எப்படி இருந்தாலும் அந்தத் துளையே அழுத்தத்தை உண்டாக்கிவிடும். மேலே அழகாக நுரை வரும், பார்த்தால் நல்ல எஸ்பிரெஸ்ஸோவின் மேல் படியும் க்ரீமா என்ற நுரைப் படலம் மாதிரியே இருக்கும், குடித்தால் வெறுமையாக இருக்கும். பொடியை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு அது ஒரு வழி, குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் நண்பர் வீட்டில் குடித்தது அதில் வராது. ஒற்றைச் சுவர் கூடையும், அதற்கு ஏற்ற நுணுக்கத்தில், இரண்டு பல் வட்டுகளுக்கு நடுவே கொட்டையை நொறுக்கி அரைக்கும் பர் கிரைண்டரும் வேண்டும். பிளேடு சுற்றும் மிக்ஸி வகை வேண்டவே வேண்டாம். அது மணலும் கூழாங்கல்லும் கலந்த மாதிரிப் பொடியைத் தரும், தண்ணீர் இடைவெளி கிடைத்த பக்கம் ஓடிவிடும்.

எனவே பணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டி வந்தால் பாதிக்குக் குறையாமல் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். சாதாரண இயந்திரமும் நல்ல கிரைண்டரும் சேர்ந்தால் நல்ல காபி வரும். இதைத் திருப்பிப் போட்டால் வராது. கையால் சுற்றும் கிரைண்டர்களில் இப்போது எஸ்பிரெஸ்ஸோவுக்கென்றே நுண்ணிய படிகளோடு வருபவை இருக்கின்றன. மோட்டாருக்குக் கொடுக்கும் காசு முழுவதும் அதில் பர் தரத்துக்குப் போகிறது. ஒரு ஷாட்டுக்கு ஒரு நிமிடம் போலச் சுற்ற வேண்டியிருக்கும், லேசாக வறுத்த கொட்டை என்றால் கை வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஒரு தராசு. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு. இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். உள்ளே போகும் எடை, வெளியே வரும் எடை, நேரம், இந்த மூன்றும் தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்று புரியும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கவுண்டருக்குப்_பின்னால்:

நான் சில வருடங்கள் ஒரு பெரிய செயினில் வேலை பார்த்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் செயின் காபியை மட்டமாகப் பேசுகிறவர்கள் பாதி விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அந்தக் கருகின கசப்பு. அது கவனக்குறைவால் வருவதில்லை, யோசித்து எடுத்த முடிவு. ஆயிரக்கணக்கான கடைகளில், வெவ்வேறு தண்ணீரில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆனவர் கையிலும் ஒரே சுவை வர வேண்டும் என்றால் கருவறுவல்தான் பாதுகாப்பு. வறுவல் ஏற ஏற கொட்டை எந்த நாட்டில் விளைந்தது, எந்த அறுவடை என்ற வித்தியாசங்கள் மங்கி, வறுவலின் சுவையே மேலோங்கும். இந்த வருடத்துக் கொட்டை போன வருடத்தைவிடக் கொஞ்சம் மாறியிருந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. இரண்டாவது காரணம் பால். 473 மில்லி கோப்பையில் இரண்டு ஷாட், அதாவது ஏறத்தாழ 60 மில்லி காபி, மிச்சமெல்லாம் பாலும் நுரையும். அவ்வளவு பாலைத் தாண்டி காபி என்று ஒன்று நாக்குக்குத் தெரிய வேண்டும் என்றால் அது கனத்த கசப்போடுதான் இருக்க வேண்டும். உங்களுக்கு லாட்டே பிடித்து எஸ்பிரெஸ்ஸோ பிடிக்காமல் போனதில் வியப்பே இல்லை. அந்தக் கலவை லாட்டேவுக்காகவே செய்யப்பட்டது.

இன்னொன்று, கடையில் ஷாட் போடுவது பெரும்பாலும் ஆள் இல்லை. ஸ்டார்பக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-ல் சியாட்டிலில் ஆரம்பித்தபோது அது காபிக் கொட்டை விற்கிற கடை. அங்கே வேலை பார்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 1983-ல் இத்தாலியின் மிலான் போய் அங்கிருந்த எஸ்பிரெஸ்ஸோ பார்களைப் பார்த்துவிட்டு வந்து, 1987-ல் நிறுவனத்தையே வாங்கிய பிறகுதான் அது இன்று நாம் பார்க்கிற பானக் கடையாக வளர்ந்தது. ஆரம்ப காலத்தில் அங்கே லா மார்சோக்கோ இயந்திரங்களில் ஆட்கள் பொடியை அழுத்தி ஷாட் இறக்கினார்கள். பிறகு ஸ்விட்சர்லாந்தின் தெர்மோபிளான் செய்து தரும் தானியங்கி வந்தது, இப்போதைய மாஸ்ட்ரீனாவும் அவர்கள் செய்வதுதான். பொத்தானை அழுத்தினால் அதுவே அரைத்து, அழுத்தி, இறக்கிவிடும். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது அது இல்லாமல் முடியாது, நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

வீட்டால் எளிதில் எட்ட முடியாத இரண்டு பலம் செயினுக்கு உண்டு. ஒன்று, இயந்திரம் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே சூட்டில் இருக்கிறது. வீட்டு இயந்திரம் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த நிலையிலிருந்து ஏற வேண்டும், அதனால் முதல் ஷாட்டுக்கும் இரண்டாவதுக்கும் சுவை மாறும். இரண்டு, கொட்டை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பையைத் திறந்து கொட்டினால் சில மணி நேரத்தில் காலி. வீட்டில் ஒரு கிலோ பையைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் குடித்தால், கடைசிக் கால்வாசி காற்றில் கிடந்து உயிர் போன கொட்டை. சின்னப் பையாக வாங்குங்கள்.

அதோடு, வாங்குவதற்கு முன் செயினிலேயே கேட்டுப் பார்க்கக்கூடிய சில வழிகள்: லேசான வறுவல் எஸ்பிரெஸ்ஸோ இருக்கிறதா என்று கேளுங்கள், சில இடங்களில் இருக்கும். லாட்டேவைச் சின்னக் கோப்பையில், ஷாட் எண்ணிக்கையைக் குறைக்காமல் கேளுங்கள், காபியின் பங்கு கூடும். எஸ்பிரெஸ்ஸோ வாங்கினால் உடனே, அங்கேயே குடியுங்கள். இவ்வளவும் செய்து திருப்தி வந்துவிட்டால் இயந்திரம் வாங்கும் செலவே மிச்சம்.

ஜன்னலோர_இருக்கை:

இதுவரை பேசியவர்கள் கோப்பைக்குள் இருப்பதை மட்டும் பேசுகிறார்கள். நான் செயின் கடைக்குப் போவது அந்த நாற்காலிக்காக. ஒரு காபி வாங்கிவிட்டால் யாரும் எழுப்பாமல் உட்கார ஒரு மேசை, கழிப்பறை, மின்சாரம், இணையம். பேச வேண்டிய ஆளை வீட்டுக்கு அழைக்கவும் முடியாது, தெருவில் நிற்கவும் முடியாது என்ற நிலைமை எத்தனையோ பேருக்கு உண்டு. புது ஊருக்குப் போய் இறங்கும்போது, எப்படிக் கேட்பது, என்ன கிடைக்கும் என்று முன்பே தெரிந்த ஒரு இடம் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கோப்பைக்குக் காசு கொடுக்கிறோம்.

எனவே பணக் கணக்கை இப்படிப் போடுங்கள். 18 கிராம் வீதம் ஒரு கிலோவில் 55 ஷாட் வரும். புதுப் பை திறக்கும்போதெல்லாம் அரவை சரியாக அமைய இரண்டு மூன்று ஷாட் வீணாகும், அதைக் கழித்து 50 என்று வையுங்கள். கிலோ விலையை 50-ஆல் வகுத்து, பால் செலவைக் கூட்டினால் வீட்டுக் கோப்பையின் விலை. கடை விலையிலிருந்து அதைக் கழியுங்கள். இயந்திரம், கிரைண்டர், தராசு, பால் குடுவை எல்லாவற்றின் மொத்த விலையை அந்த மிச்சத்தால் வகுத்தால், எத்தனை கோப்பையில் முதல் திரும்பும் என்று தெரியும். தினமும் இரண்டு பேர் குடித்தால் அது சீக்கிரமே திரும்பிவிடும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி வேறு: வீட்டில் இயந்திரம் வந்த பிறகு கடைக்குப் போவதை நிறுத்துவீர்களா? நண்பர்களைப் பார்க்க, மழைக்கு ஒதுங்க, வேலைக்கு நடுவே மூச்சு வாங்க என்று போகிறவர் என்றால் அந்தச் செலவு அப்படியே இருக்கும், இது அதன் மேல் சேரும். தனியாக, கையில் வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே குடிப்பவர் என்றால் கணக்கு வீட்டுப் பக்கம்தான்.

நெம்புகோல்:

மேலே இருப்பவர்கள் எல்லோரும் மின்சார இயந்திரத்தையே மனசில் வைத்துப் பேசுகிறார்கள். பால் பெரிய அளவில் தேவை இல்லை, சுவைதான் முக்கியம் என்றால் கையால் அழுத்தும் நெம்புகோல் வகையைப் பாருங்கள். ஃப்ளேர், கஃபெலாட் ரோபாட் போன்றவை. பாயிலர் இல்லை, பம்ப் இல்லை, கெட்டிலில் கொதிக்கவைத்த தண்ணீரை மேலே ஊற்றிக் கையால் அழுத்த வேண்டியதுதான். அழுத்தமானி வைத்தவற்றில் 9 பார் வருகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பழுதாக அதில் ரப்பர் வளையங்களைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது.

இது ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். இன்று நாம் எஸ்பிரெஸ்ஸோ என்று சொல்லும் பானமே நெம்புகோலில் பிறந்ததுதான். டூரினில் ஆஞ்சலோ மொரியொண்டோ 1884-லும், மிலானில் லுய்ஜி பெத்ஸேரா 1901-லும் காப்புரிமை வாங்கிய இயந்திரங்கள் நீராவி அழுத்தத்தில் ஓடியவை, அதில் 2 பாரைத் தாண்டுவதே அபூர்வம். அகில்லே காஜ்ஜியா 1940-களின் இறுதியில் ஸ்பிரிங் வைத்த நெம்புகோல் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் உயர் அழுத்தமும், அதோடு க்ரீமாவும் வந்தன. மின்சார பம்பைப் பரவலாக்கியது 1961-ல் வந்த ஃபாயெமா இ61 என்ற இயந்திரம். அதாவது பம்ப் வந்தது பிற்பாடுதான்.

அழுத்தம் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், இனி யாராவது வந்து "மோக்கா பாட் வாங்குங்கள், அதுவும் எஸ்பிரெஸ்ஸோதான்" என்று எழுதப் போகிறார்கள். அடுப்பில் வைத்து நீராவியால் காபி இறக்கும் மோக்கா பாட் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். 1933-லிருந்து பியலெட்டி பெயரில் இருக்கிறது, உழைக்கும், விலை மலிவு, பாலோடு அருமையாகச் சேரும். ஆனால் அதில் வரும் அழுத்தம் 1 முதல் 2 பார்தான். கனமான, சூடான, திடமான காபி கிடைக்கும், நீங்கள் நண்பர் வீட்டில் குடித்த அந்தக் கொழகொழப்பு வராது. பொடி அடைத்த சின்னக் குப்பியை அப்படியே உள்ளே போடும் கேப்ஸ்யூல் இயந்திரம் இன்னொரு பக்கம். நெஸ்பிரெஸ்ஸோ 1986-ல் வந்தது, சுத்தம், வேகம், எப்போதும் ஒரே மாதிரி. ஆனால் அதன் சின்ன கேப்ஸ்யூலில் 5, 6 கிராம் காபிதான் இருக்கும். 18 கிராமிலிருந்து வருவதை அதில் எதிர்பார்க்க முடியாது. செயின் கடையின் ஒரே மாதிரித் தன்மையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அவருக்கு நான் கேப்ஸ்யூலைத்தான் சொல்வேன். இந்தக் கேள்வி கேட்டவருக்குச் சொல்ல மாட்டேன், அவர் வேறு எதையோ ருசி பார்த்துவிட்டார்.

மாலைத்தூறல்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஜன்னலோர_இருக்கை சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான் கையில் வாங்கிக்கொண்டு நடப்பவன்தான், ஆகவே எனக்கு வீட்டுப் பக்கம்தான் சாய்கிறது. நெம்புகோல் அண்ணா சொன்னது மிகவும் ஆசையைக் கிளப்பிவிட்டது, ஆனால் துணைக்குப் பால் காபி வேண்டுமே. பாலை நுரைக்க ஸ்டீம் வாண்ட் (நீராவி வரும் குழாய்) உள்ள இயந்திரம் கட்டாயமா? ஒரே பாயிலர் உள்ளது போதுமா, இரட்டை பாயிலர் வேண்டுமா? காலையில் எனக்கு அதிகம் போனால் பதினைந்து நிமிடம்தான் இருக்கும். அப்புறம் எங்கள் தண்ணீர் கொஞ்சம் கடினமானது, கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது. அது பிரச்சினையா?

பால்நுரை:

பால் என் பகுதி, நான் சொல்கிறேன்.

காபி இறக்க 93 டிகிரி போலத் தண்ணீர் வேண்டும், நீராவிக்கு பாயிலர் 120-க்கு மேல் ஏற வேண்டும். ஒரே பாயிலர் என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் தர முடியாது. முதலில் ஷாட், பிறகு நீராவி சுவிட்சைப் போட்டுக் கொஞ்சம் காத்திருந்து பால். அடுத்த ஷாட் வேண்டும் என்றால் தண்ணீரை ஓடவிட்டு பாயிலரைக் குளிர வைக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒரு பால் காபிக்கு இது தாராளமாகப் போதும். வரிசையை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் உங்கள் எஸ்பிரெஸ்ஸோ, அடுத்து துணைக்கான ஷாட், கடைசியில் பால். ஷாட் இரண்டு நிமிடம் காத்திருந்தால் பால் காபியில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. விருந்தாளிகள் அடிக்கடி வரும் வீடு, வரிசையாக நான்கு கப்புசினோ போட வேண்டும் என்றால்தான் இரட்டை பாயிலருக்கு அர்த்தம்.

பதினைந்து நிமிடம் என்றால், கனமான பித்தளைத் தலை (கூடையைப் பொருத்தும், தண்ணீர் இறங்கும் பகுதி) வைத்த பெரிய இயந்திரங்களைத் தவிருங்கள், அவை முழுதாகச் சூடாக 20, 30 நிமிடம் எடுக்கும். பாயிலருக்குப் பதில் தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் தெர்மோபிளாக் வகை சிறியவை ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும். அதன் நீராவி வேகம் குறைவு என்பது ஒரு குறைதான், ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அது நல்லது, நுரை உருவாவதை நிதானமாகப் பார்க்கலாம்.

செய்முறை இதுதான். குளிர்ந்த பால், குளிர்ந்த குடுவை. வாண்ட் நுனி பாலின் மேற்பரப்பை லேசாகத் தொடும்படி வைத்து, காகிதம் கிழியும் சத்தம் வர முதல் சில நொடிகள் காற்றை உள்ளே விடுங்கள். பிறகு நுனியைச் சற்று இறக்கி பால் சுழலும்படி விடுங்கள், பெரிய குமிழிகள் அந்தச் சுழலில் உடைந்து சின்னதாகிவிடும். குடுவையின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு வரும்போது நிறுத்தினால் 60 டிகிரி அளவில் இருக்கும். 70-ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு போய் வெந்த வாடை வந்துவிடும். பழகுவதற்குப் பாலை வீணாக்க வேண்டாம், தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு முயன்று பாருங்கள், அதுவும் இதே மாதிரி நுரைக்கும். அதைக் குடிக்கக் கூடாது, வாண்டை நன்றாகக் கழுவிவிடுங்கள். செயினில் கிடைக்கும் லாட்டேவைவிட மென்மையான நுரையை வீட்டில் வரவழைக்கலாம். அங்கே அவசரத்தில் ஊற்றுகிறார்கள், உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

நெம்புகோலையே வாங்க வேண்டும் என்று மனசு சொன்னால், பாலை அடுப்பில் 60 டிகிரிக்குச் சூடாக்கி பேட்டரியில் சுற்றும் சின்ன நுரைப்பானைப் போடலாம். நுரை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் அவருக்கு அது போதுமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அரவை_முக்கியம்:

பால்நுரை சொன்னதோடு சேர்த்து, முதல் பைக்கு மட்டும் சில விஷயம். நடுத்தர வறுவலில் ஆரம்பியுங்கள். மிக லேசான வறுவல் அடர்த்தியானது, எளிதில் கரையாது, இன்னும் நைஸான அரவையும் கூடுதல் சூடும் கேட்கும், 18-க்கு 45 கிராம் வரை இறக்கினால்தான் புளிப்பு அடங்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது வீண் போராட்டம். பையில் வறுத்த தேதி இருக்க வேண்டும், காலாவதித் தேதி மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். வறுத்த மறுநாளே போட்டால் உள்ளே அடைந்திருக்கும் கரியமில வாயு பொங்கி ஷாட் தாறுமாறாக ஓடும். ஒரு வாரம் பத்து நாள் விட்டு ஆரம்பித்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். அதிகம் வாங்கிவிட்டால் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வைக்கலாம்.

அரைத்த பொடி கூடையில் கட்டி கட்டியாக விழும். மெல்லிய ஊசிகள் பொருத்திய கிளறியால் அடிவரை கிளறி, மட்டமாக்கி, பிறகு அழுத்துங்கள். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதைவிட, கோணாமல் நேராக அழுத்துகிறோமா என்பதுதான் முக்கியம். அரைப்பதற்கு முன் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் பொடி நிலைமின்சாரத்தால் கிரைண்டரில் ஒட்டிக்கொள்வது குறையும்.

இன்னொன்று, நைஸாக்க நைஸாக்க சுவை கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அரவை ஒரு எல்லையைத் தாண்டி நைஸானால் பொடிப் படுகையின் சில பகுதிகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் சீராகப் போகாது, அதனால் உண்மையில் குறைவாகத்தான் கரைகிறது என்று காட்டினார்கள். பொடியைக் கொஞ்சம் குறைத்து, அரவையைக் கொஞ்சம் கொரகொரப்பாக்கினால் ஷாட்டுக்கு ஷாட் சுவை மாறாமல் வருகிறது என்பது அவர்கள் சொன்ன வழி. ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் இதை முயன்று பாருங்கள், எனக்கு அது பலமுறை உதவியிருக்கிறது.

கவுண்டருக்குப்_பின்னால்:

தண்ணீர் கேள்வியை யாரும் தொடவில்லை. அது பிரச்சினைதான், நண்பரே, இயந்திரத்துக்கு மிகப் பெரிய பிரச்சினை. கெட்டிலில் படிகிற அதே சுண்ணாம்பு பாயிலருக்குள்ளும் குழாய்க்குள்ளும் படியும், அங்கே உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் சூடு குறையும், பிறகு ஓட்டம் நிற்கும். கடைகளில் இயந்திரத்துக்கு முன்னால் மென்மையாக்கும் வடிகட்டி கட்டாயம் இருக்கும், இயந்திரத்தைவிட அதைத்தான் பயபக்தியோடு மாற்றுவார்கள். வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் போடும் மென்மையாக்கும் பை, அல்லது வடிகட்டும் குடுவை போதும். முற்றிலும் தாது நீக்கிய வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். காபி சப்பென்று இருக்கும், சில இயந்திரங்களில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று அறியும் உணரியும் வேலை செய்யாது.

அப்புறம் சுத்தம். காபி எண்ணெய் ஒரு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும், அந்தக் கசப்பைக் கொட்டையின் மேல் பழி போட்டுவிடுவோம். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் தலையில் கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டுத் துடையுங்கள், பால் போட்ட உடனே வாண்டை ஈரத்துணியால் துடைத்து ஒரு நொடி நீராவி விடுங்கள், வாரம் ஒரு முறை கூடையையும், அதைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரையும் காபி எண்ணெய் நீக்கும் பொடியில் ஊறவையுங்கள். உங்கள் இயந்திரத்தில், ஷாட் முடிந்ததும் மிச்ச அழுத்தத்தை வெளியேற்றும் மூவழி வால்வு இருந்தால் அதே பொடியைத் துளை இல்லாத அடைப்புக் கூடையில் போட்டுத் தலையையும் கழுவலாம். வால்வு இல்லாதவற்றில் அதைச் செய்யக் கூடாது, வாங்கும்போதே கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.